குளக்கரையில் ஒரு கூகுள் ஷீட்

மூலைக்கரைப்பட்டியைத் தாண்டியதும் சாலையின் இருபுறமும் உடைமரமும் பனையும்தான். தை பிறந்துவிட்டாலும் பனி விலகவில்லை. வேனுக்குள் பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றின் விலங்கியல் முதுகலை மாணவர்கள் பாதித் தூக்கத்தில் இருந்தார்கள். முன் இருக்கையில் அவர்களுடைய பேராசிரியை. கடைசி இருக்கையில் பைனாகுலர் பைகளுக்கும் இட்லிப் பொட்டலங்களுக்கும் நடுவே நான். பறவை பார்க்கத்தான் கூப்பிட்டார்கள். ஆனால், எனக்குப் பறவைகளைவிட இந்தப் பிள்ளைகள் எப்படி வேலை செய்கிறார்கள் என்பதைப் பார்க்கத்தான் ஆசை. ஆறு மாத புராஜெக்டை முழுக்க இணையத்தில் வைத்து நடத்துகிறோம் என்று பேராசிரியை சொல்லியிருந்தார். குளத்தில் நிற்கும் தண்ணீரின் அளவுக்கும் அங்கே இறங்கும் பறவைகளுக்கும் என்ன தொடர்பு என்பதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி.

திருநெல்வேலிக்குத் தெற்கே இந்தக் கேள்வியைக் கேட்க இடத்துக்குப் பஞ்சமில்லை. எந்தச் சாலையில் போனாலும் ஒரு குளத்தின் கரை கண்ணில் படும். நாங்கள் முதலில் போன கூந்தன்குளத்துக்கு மணிமுத்தாற்றுக் கால்வாய்த் தண்ணீர் வருகிறது. 1994இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்ததாக 2022இல் அறிவித்தார்கள். அரசு பலகை நடுவதற்கு வெகுகாலம் முன்பே ஊர்க்காரர்கள் பறவைகளைக் காத்துவந்தார்கள். தெருவில் நிற்கும் மரங்களிலும் வீட்டுக் கொல்லையிலும் நாரை கூடு கட்டினால் யாரும் கலைப்பதில்லை. தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பறவை எச்சம் கலந்த குளத்து வண்டல் வயலுக்கு உரமாகிறது. கூட்டிலிருந்து தவறி விழுந்த குஞ்சுகளை எடுத்து வளர்த்த பால்பாண்டியின் பெயர் பறவை ஆர்வலர்கள் நடுவே வெளியூர்களிலும் பிரசித்தம்.

வேன் நின்றதும் தூக்கம் கலைந்தது. கரையேறினால் தண்ணீர்மேல் வெளிச்சம் அப்போதுதான் பரவிக்கொண்டிருந்தது. எட்டத்தில் பூநாரைகள் ஒரு வெளிறிய கோடாக நின்றன. கூழைக்கடாக்கள் கூட்டமாக நீந்தின. கரையோரச் சேற்றில் அரிவாள் மூக்கன்களும் நெடுங்கால் உள்ளான்களும் மேய்ந்தன. மாணவர்கள் தேடியது வரித்தலை வாத்தை. இமயமலையைப் பறந்து கடந்து திபெத், மங்கோலியப் பக்கத்திலிருந்து இங்கே வந்து குளிர்காலத்தைக் கழிக்கிற பறவை. தலையில் இரண்டு கறுப்புப் பட்டை. பார்த்த பிறகு மறக்காது.

பார்த்தவுடன் எல்லாரும் செல்போனை எடுத்தார்கள். படம் எடுக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. கோபோடூல்பாக்ஸ் என்ற செயலியில் ஒரு படிவத்தைத் திறந்தார்கள். பேரிடர்ப் பகுதிகளில் நிவாரணக் கணக்கெடுப்புக்காக ஹார்வர்டு பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் சிலர் முன்னெடுத்த கருவி அது. இணையமே இல்லாத இடத்திலும் படிவம் நிரம்பும், செல்போனிலேயே சேமிக்கப்பட்டிருக்கும், சிக்னல் கிடைத்தவுடன் மேலே போகும். மாணவர்கள் கேள்விகளைத் தமிழில் வைத்திருந்தார்கள். குளத்தின் பெயர், தண்ணீர் முக்காலா பாதியா காலா, மேலே தாமரையா ஆகாயத்தாமரையா, மாடு இறங்கியிருக்கிறதா, மீன்பிடி நடக்கிறதா, அப்புறம் பறவை, எண்ணிக்கை. இடமும் நேரமும் தானாகப் பதிவாகிவிடும்.

பறவையின் பெயரைத் தட்டச்சு செய்ய விடவில்லை என்பது நான் கவனித்த முதல் நல்ல விஷயம். பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கத்தான் முடியும். போன வருடக் குழு ஒரே நாரையை நான்கு விதமாக எழுதியதாம். கணினிக்கு அவை நான்கு பறவைகள். அதைத் திருத்தவே இரண்டு வாரம் போனது என்றார் பேராசிரியை. படிவம் தயாரிப்பதுதான் புராஜெக்டில் கஷ்டமான வேலை, களம் அல்ல என்பது அவருடைய கட்சி. எதைக் கேட்க வேண்டும், எதைக் கேட்கவே கூடாது என்று முடிவெடுக்க மாணவர்கள் ஒரு மாதம் சண்டை போட்டிருக்கிறார்கள். அந்தச் சண்டைதான் ஆராய்ச்சிப் பயிற்சி என்று எனக்குத் தோன்றியது.

எண்ணும் முறையும் பார்க்க நன்றாக இருந்தது. நாமக்கோழிகள் நூற்றுக்கணக்கில் மிதக்கும்போது ஒவ்வொன்றாக எண்ண முடியாது. பத்துப் பறவை எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் வாங்கிக்கொண்டு, அந்த அளவை வைத்துக் கூட்டத்தை முழுக்க அளந்துவிடுகிறார்கள். இரண்டு பேர் தனித்தனியாக, ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழாத தூரத்தில் நின்று எண்ணுகிறார்கள். படிவத்தில் இரண்டு எண்ணுக்கும் இடம் இருக்கிறது. வித்தியாசம் அதிகமானால் மறுபடியும் எண்ண வேண்டும். இடையிடையே பென்சிலால் நோட்டிலும் எழுதுகிறார்கள். செல்போன் தண்ணீரில் விழுந்தால்? அதற்காக. திரும்பும்போது அந்த நோட்டின் பக்கங்களைப் படமெடுத்து கூகுள் டிரைவில் இருக்கும் புராஜெக்ட் கோப்புறையில் ஏற்றிவிடுவார்கள். பின்னால் ஏதாவது ஓர் எண்ணில் சந்தேகம் வந்தால் கேட்டுப் பார்க்க வேண்டியது அந்தப் பென்சில் எழுத்தைத்தான்.

மாடு பத்திக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர் நின்று பார்த்தார்.

“எங்கேருந்து வந்திருக்கிய?”

“பாளையங்கோட்டைலேருந்து அண்ணாச்சி. பறவை எண்ணுதோம்.”

“செல்லையே நோண்டிக்கிட்டு இருக்குதுவளே. பறவைய எப்ப பாக்கும் இதுவ?”

பிள்ளைகள் சிரித்தார்கள். பெரியவர் விடவில்லை. அந்தா தெரியுதே மதகு, அதுவரைக்கும் தண்ணீர் நின்ற வருடம் எது, குளம் வற்றிக் கிடந்து பறவையே வராத வருடங்கள் எவை என்று வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தார். ஒரு மாணவி கீழே உட்கார்ந்து குறிப்பெடுத்தாள். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. ‘குறிப்பு’ என்ற கடைசிப் பெட்டியில் போட்டாள். பிறகு ஒரு விஷயம் செய்தாள். பெரியவரின் பெயரையும் செல்போன் எண்ணையும் அந்தப் படிவத்தில் சேர்க்காமல் தன் நோட்டின் பின்பக்கத்தில் தனியாக எழுதிக்கொண்டாள். ஏன் என்று கேட்டேன். படிவம் போய்ச் சேரும் கூகுள் ஷீட்டை எத்தனையோ பேர் திறக்கிறார்கள், அவருடைய நம்பர் அங்கே எதற்கு என்றாள். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்று 2023இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியிருக்கிறது. அந்தச் சட்டத்தைப் படித்துவிட்டு அவள் அப்படிச் செய்யவில்லை. வீட்டில் கற்ற மரியாதை. ஆனால், எத்தனை கல்லூரிகளில் விவசாயிகளின் பெயர், நிலம், கடன், செல்போன் எண் எல்லாம் ‘லிங்க் இருக்கும் யாரும் பார்க்கலாம்’ என்ற நிலையில் திறந்து கிடக்கின்றன என்பதை நினைத்தால் கொஞ்சம் திகிலாகத்தான் இருக்கிறது.

பறவைகளுக்கும் இதே கதைதான். அழியும் நிலையில் உள்ள உயிரினத்தின் கூடு எங்கே இருக்கிறது என்று துல்லியமாக வெளியிட்டால் வேட்டைக்காரனுக்கு வழி சொன்னதாகிவிடும். அதனால்தான் ஐநேச்சுரலிஸ்ட் தளம் அப்படிப்பட்ட இனங்களின் இடத்தைப் பொதுப் பார்வையில் வேண்டுமென்றே மங்கலாக்கிக் காட்டுகிறது. பூமத்திய ரேகைப் பக்கத்தில் ஏறத்தாழ 22 கிலோமீட்டருக்கு 22 கிலோமீட்டர் சதுரத்துக்குள் எங்கோ என்றுதான் தெரியும். பறவைப் பட்டியல்களைப் பதியும் ஈபேர்டு தளமும் சில இனங்களின் இடத்தை மறைக்கிறது. மாணவர்கள் தங்கள் படிவத்தை நிரப்புவதோடு ஈபேர்டிலும் ஒரு பட்டியல் போடுகிறார்கள். அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் சங்கமும் 2002இல் தொடங்கியது அது. ஒரு பகுதிக்குப் பொருந்தாத பறவையோ அளவுக்கு மீறிய எண்ணிக்கையோ போட்டால் அங்கேயே கேள்வி கேட்கும். அந்தப் பகுதியின் பறவைகளை அறிந்த தன்னார்வலர் ஒருவர் சரிபார்ப்பார். தங்கள் கணக்கை வெளியாள் ஒருவர் பார்க்கிறார் என்ற நினைப்பே பிள்ளைகளை ஒழுங்காக எண்ண வைக்கிறது. இது பேராசிரியை சொன்னது. நான் பார்த்ததும் அதுவே.

வெயில் ஏறியதும் விஜயநாராயணம் பக்கம் போனோம். அங்குள்ள பெரியகுளம் பெயருக்கேற்றபடி பெரியது. கரையில் நின்றால் எதிர்க்கரையில் இருப்பது மாடா மனிதனா என்று தெரியாது. வழியில் வானத்தைத் தொடுகிற மாதிரி கம்பங்கள். ஐ.என்.எஸ். கட்டபொம்மன் கடற்படைத் தளம். 1990 முதல் இங்கிருந்துதான் கடலுக்கடியில் கிடக்கும் நீர்மூழ்கிக் கப்பல்களுக்கு மிகத் தாழ்ந்த அதிர்வெண் அலைகளில் செய்தி போகிறது. ஆழ்கடலுக்குச் செய்தி அனுப்பும் ஊரின் பக்கத்தில் நின்றுகொண்டு எங்கள் செல்போன்களில் ஒரு கோடுகூட இல்லை. யாரும் கவலைப்படவில்லை. நிரப்பிய படிவங்கள் செல்போனிலேயே வரிசையில் காத்திருந்தன.

இங்கே ஒரு சின்னத் தகராறு. ஒரு மாணவன் அடையாளம் தெரியாத ஓர் உள்ளானைப் படமெடுத்து, சிக்னல் கிடைத்ததும் வழக்கம்போல வாட்ஸ்அப் குழுவில் போடுவதாகச் சொன்னான். குழுத் தலைவி முறைத்தாள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறைவது எல்லாருக்கும் தெரியும். எடுத்த இடம், நேரம் என்று படத்துக்குள் பதிந்திருக்கும் விவரங்களும் உதிர்ந்துவிடும் என்பது பலருக்குத் தெரியாது. எந்தக் குளம், எந்தத் தேதி என்று தெரியாத பறவைப் படம் ஆய்வுக்கு உதவாது. படிவத்திலேயே இணைக்க வேண்டும், இல்லையென்றால் டிரைவில் ஏற்ற வேண்டும், ரொம்ப அவசரமென்றால் வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்ப வேண்டும். இதுதான் அவர்கள் சட்டம். சொல்லப்போனால் நம் கல்லூரிகளில் புராஜெக்ட் நடத்தும் உண்மையான கருவி வாட்ஸ்அப்தான். எத்தனை மணிக்கு வேன், யாருக்குக் காய்ச்சல், மேடம் கோபமாக இருக்கிறாரா என்பதற்கெல்லாம் அதை மிஞ்ச எதுவும் இல்லை. தரவை மட்டும் அதில் போடக் கூடாது. ஆற்றில் போட்ட புளி மாதிரி ஆகிவிடும்.

நாங்குநேரிக்கு வந்து ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். செல்போன்கள் வரிசையாகச் சிணுங்கின. காலை முழுக்க எண்ணியது எல்லாம் மேலே போய்க்கொண்டிருந்தது. பேராசிரியை வடையை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறுகையால் டேப்லெட்டைத் திறந்தார். கூகுள் ஷீட்டில் வரிகள் ஒவ்வொன்றாக இறங்கின. ஓர் எண்ணில் ஒரு சைபர் கூடியிருந்தது. அதே இடத்தில் ஒரு கமெண்ட் போட்டு, எதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த மாணவியின் பெயரைக் குறித்தார். அவள் செல்போன் சிணுங்கியது. நோட்டைப் பிரித்துப் பார்த்தாள், கூட எண்ணிய தோழனையும் கேட்டாள், திருத்தினாள். பழைய எண் என்ன, யார், எப்போது மாற்றினார் என்பது திருத்த வரலாற்றில் அப்படியே இருக்கும்.

நேரில் வாயால் சொல்லியிருக்கலாமே என்று நான் கேட்டதற்கு, சொன்னால் காற்றோடு போய்விடும், வைவா அன்று இந்த எண்ணை ஏன் மாற்றினீர்கள் என்று வெளித்தேர்வாளர் கேட்டால் அவள் என்ன காட்டுவாள் என்றார். நியாயம்தான். என் காலத்தில் வழிகாட்டி புராஜெக்டைப் பார்ப்பது டைப்படித்துக் கொண்டுபோன பிறகுதான். அதற்குள் களப்பருவம் முடிந்திருக்கும். பிழை தெரிந்தாலும் திரும்பிப் போய் எண்ண வாத்து இருக்காது. இப்போது வடை ஆறுவதற்குள் பிழை தெரிந்துவிடுகிறது. இணையக் கருவிகளின் பயன் இடவசதி என்று நினைத்திருந்தேன். இந்த வேகம்தான் பயன் என்று அந்த டீக்கடையில் புரிந்தது. கூடவே ஒரு சங்கடமும் இருக்கிறது. யார் எத்தனை மணிக்கு வேலை செய்தார்கள் என்று ஆசிரியருக்குத் தெரிகிறது என்றால், ராத்திரி பதினொரு மணிக்குத் தட்டிய பிள்ளைக்கு நல்ல பெயரும், செல்போனில் டேட்டா தீர்ந்துபோன பிள்ளைக்குக் கெட்ட பெயரும் வரும். பேராசிரியை அதற்காக மதிப்பெண்ணுக்கும் திருத்த வரலாற்றுக்கும் முடிச்சுப் போடுவதில்லை என்றார். எல்லா ஆசிரியர்களும் அப்படி இருப்பார்கள் என்று சொல்ல முடியாது.

வேலைகளைப் பங்கிட அவர்கள் வைத்திருப்பது இன்னொரு ஷீட். என்ன வேலை, யார், எந்தத் தேதிக்குள், முடிந்ததா என்று நான்கு பத்திகள். முதலில் வண்ண அட்டைகளை இழுத்து இழுத்து வைக்கிற டிரெல்லோ பலகை ஒன்றைத் தொடங்கினார்களாம். பார்க்க அழகாக இருந்தது, இரண்டாவது வாரத்துக்குப் பிறகு யாரும் திறக்கவில்லை. கட்டுரைகளைச் சேர்க்க ஜோட்டெரோவில் ஒரு குழு நூலகம் இருக்கிறது. 2006 முதல் இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள். கோப்புகளுக்கான இலவச இடம் 300 மெகாபைட்தான், ஆனால் நூல் விவரங்களை மட்டும் சேர்த்தால் கணக்கில் வராது. புதுப் புதுக் கருவிகளைத் தேடுவதிலேயே ஒரு செமஸ்டரை ஓட்டிவிடும் மாணவர்களை எனக்குத் தெரியும். குழுவில் எல்லாருடைய செல்போனிலும் திறக்கிற கருவிதான் நல்ல கருவி.

திரும்பும் வழியில்தான் அந்தப் பேச்சு வந்தது. போன வருடமும் இதே குளங்களில் ஒரு குழு வேலை செய்திருக்கிறது. இரண்டு வருடத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது இவர்கள் ஆசை. தேடினால் ஷீட் இல்லை. கோப்பைத் தொடங்கியவர் ஒரு மாணவர். கல்லூரி கொடுத்த மின்னஞ்சலில் தொடங்கியிருக்கிறார். படிப்பு முடிந்தது, கல்லூரி கணக்கை மூடியது, அதோடு அவர் பெயரில் இருந்ததெல்லாம் போனது. மிச்சம் இருப்பது துறை பீரோவில் ஸ்பைரல் போட்ட ஒரு பிரதி. அதில் சராசரி இருக்கிறது, வரைபடம் இருக்கிறது, ஒவ்வொரு காலையும் எண்ணிய எண்கள் இல்லை.

முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்காவது சோத்கங்கா என்ற தேசியக் களஞ்சியம் இருக்கிறது. முதுகலை புராஜெக்டுக்குப் போக்கிடம் பீரோதான். இது எவ்வளவு பெரிய நஷ்டம் என்பது இந்த மாவட்டத்திலேயே தெரியும். தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011 முதல் ஜனவரிதோறும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. மணிமுத்தாறில் இருக்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் முன்னின்று நடத்துகிறது. கல்லூரி மாணவர்களும் தன்னார்வலர்களுமாகக் குழு பிரிந்து குளம் குளமாகப் போகிறார்கள். ஒரு வருடக் கணக்கை மட்டும் எடுத்துப் பார்த்தால் அதில் சொல்ல அதிகம் இல்லை. வருடம் வருடமாக ஒன்றன் கீழ் ஒன்று அடுக்கியதால்தான் எந்தக் குளத்தில் கூடியிருக்கிறது, எங்கே குறைந்திருக்கிறது என்று பேச முடிகிறது. மாணவர் புராஜெக்டும் அப்படித்தான். ஆறு மாத வேலையில் தனியாக நின்று உலகத்துக்குச் சொல்ல ஒன்றுமில்லை. பத்துக் குழுக்களின் ஆறு மாதங்கள் சேர்ந்தால் அது ஆவணம்.

கோப்பு யாருக்குச் சொந்தம் என்பது அதனால் சின்ன விஷயமல்ல. கூகுள் டிரைவில் சாதாரணமாகத் தொடங்கும் கோப்பு தொடங்கியவருக்குச் சொந்தம். மற்றவர்கள் பங்காளிகள்தான், பட்டா அவர் பெயரில். கல்வி நிறுவனக் கணக்குகளில் ‘ஷேர்டு டிரைவ்’ என்று ஒன்று உண்டு. அதில் போடுவது நிறுவனத்துக்குச் சொந்தம், ஆள் போனாலும் கோப்பு போகாது. தனிப்பட்ட ஜிமெயில் கணக்கில் அந்த வசதி இல்லை. அங்கே இடமும் 15 ஜிபி, அதிலேயே மின்னஞ்சலும் படங்களும் பங்கு கேட்கும். இரண்டு வருடம் திறக்காமல் விட்ட தனிக் கணக்கை கூகுள் அழிக்கலாம் என்றும் விதி வந்துவிட்டது. நிறுவனங்களுக்கும் அள்ளிக் கொடுத்த காலம் போய்விட்டது. முன்பு வரம்பில்லை என்றார்கள். 2021இல் அதை மாற்றி, ஒரு நிறுவனத்துக்கு மொத்தமாக 100 டெராபைட் என்று அடிப்படை அளவு வைத்தார்கள். அதனால் சில கல்லூரிகள் பழைய மாணவர் கணக்குகளைத் துடைத்து இடம் பிடிக்கின்றன. துடைக்கும்போது உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் திறந்து பார்ப்பதில்லை.

எல்லாம் மேலே பத்திரமாக இருக்கிறது என்ற நம்பிக்கையையும் அளவோடு வைத்துக்கொள்வது நல்லது. மேலே என்பதும் எங்கோ ஓர் ஊரில் இருக்கும் கட்டடம்தான். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஹெச் நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று எரிந்து போனது. காப்புப் பிரதி இருக்கிறது என்று நிம்மதியாக இருந்த சிலருடைய பிரதியும் எரிந்த இடத்திலேயே இருந்தது.

பாளையங்கோட்டையில் இறங்கும்போது குழுத் தலைவி சொன்னாள், இந்த வருடக் கோப்புறையைத் துறையின் கணக்கில் தொடங்கியிருக்கிறார்களாம். மாணவர்கள் அதில் உறுப்பினர்கள் மட்டும். போன வருடக் குழுவில் இருவருடைய நோட்டுகள் வீட்டில் கிடைத்திருக்கின்றன. பென்சில் எழுத்தைப் பார்த்து ஷீட்டில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

மே மாதத்தில் வைவா முடியும், ரிசல்ட் வரும், கணக்குகள் மூடப்படும். புராஜெக்டுக்கு வழிகாட்டும் ஆசிரியர்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன் மூன்றே காரியம் செய்யலாம். கோப்புறையைத் துறையின் கணக்குக்கு மாற்றுங்கள். மூலத் தரவை எந்த மென்பொருளிலும் திறக்கிற சிஎஸ்வி கோப்பாக இறக்கித் துறையில் ஒரு ஹார்டு டிஸ்கில் வையுங்கள். ஒவ்வொரு பத்தியும் எதைக் குறிக்கிறது, எப்படி எண்ணினோம் என்று மாணவர்களைக் கொண்டே ஒரு பக்கம் எழுதி அதோடு சேருங்கள். ஒரு மதியம் போதும்.